துணு அந்தப் பக்கம் வரும்

காலை பத்தே காலுக்கு சிங்கப்பூர் விமானம். தாம்பரத்திலிருந்து ஐந்தரைக்கே கிளம்பிவிடலாம் என்று நான் சொன்னதும் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி நேரம் முன்னாடி போனா போதும்னுதானே போட்டிருக்கு. இப்பவே எதுக்கும்மா?"

"மூணு மணி நேரம் நமக்குப்பா. பாப்பாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேணும்."

அந்த ஒரு மணி நேரத்தின் அருமை முந்தைய பயணத்தில்தான் புரிந்தது. அப்போது அவளுக்கு 9 மாதம். வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்துவிடுவாள் என்று ஆளாளுக்குச் சொன்னதை நம்பி, நள்ளிரவு விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தேன். தூங்கத்தான் செய்தாள். ஆனால் காரிலிருந்து இறக்கும்போது ஒருமுறை, செக்யூரிட்டியில் ஒருமுறை, இமிக்ரேஷன் அதிகாரி முகத்தைப் பார்க்கப் போர்வையை விலக்கச் சொன்னபோது ஒருமுறை என்று அந்தத் தூக்கம் துண்டு துண்டாகக் கலைந்தது. ஸ்ட்ரோலரையும் பெட்டிகளோடு செக்-இன்னில் போட்டுவிட்டேன். விமானத்தின் வாசல் வரை குழந்தையை அதிலேயே தள்ளிக்கொண்டு போகலாம், அங்கே டேக் கட்டி வாங்கிக்கொள்வார்கள் என்று கவுன்டரில் யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு தோளில் பிள்ளை, இன்னொரு தோளில் பை. போர்டிங் வரிசையில் நின்றபோது அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

அதனால் இந்த முறை அவளுடைய பசியையும் தூக்கத்தையும் முதலில் கணக்குப் போட்டுவிட்டு, பிறகுதான் விமானத்தைத் தேடினேன். அவள் விடியற்காலையில் விழித்துவிடுவாள். எட்டு மணிக்குப் பசிக்கும். பதினோரு மணிக்குக் கண் சொக்கும். பத்தே கால் விமானம் அதற்குச் சரியாக ஒத்துவந்தது. 20 மாதம்தான் ஆகியிருந்ததால் மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட் போதும். பயணத்துக்கு நடுவில் 2 வயது முடிந்தால் அதன்பிறகு தனி இருக்கை எடுக்க வேண்டும், திரும்பும் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பினேன். கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று உண்டு, கட்டணம் கிடையாது.

மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். தாத்தாவும் கூட வருவார் என்றே பாப்பா நினைத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் கையாட்டுவதைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. கையில் நேரம் இருந்தது. கண்ணாடி ஓரமாக உட்கார்ந்தோம். அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள், வெளியிலிருந்து அவரும் அதே இடத்தில் பதித்தார். பத்து நிமிடம் கழித்து அவளே எழுந்து நடந்தாள். அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் அந்த அழுகை விமானம் வரை வந்திருக்கும்.

நான் பயந்துகொண்டிருந்தது பாலுக்கும் கஞ்சிக்கும். திரவம் எதுவும் 100 மில்லி டப்பாவுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு, 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி அம்பலமான பிறகு வந்தது. குழந்தைக்கு வழியில் தேவைப்படும் பாலுக்கும் உணவுக்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் பையின் அடியில் புதைத்து வைத்தால் அதைத் தேடப் பை முழுவதையும் கொட்டுவார்கள். நான் புட்டியையும் ராகிக் கஞ்சி டப்பாவையும் தனிப் பையில் போட்டு, கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டினேன். ஒரு பார்வையோடு முடிந்துவிட்டது.

சிக்கல் வந்தது துணுவால். என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் கிழித்த ஒரு முழத் துண்டு அது. துணி என்று சொல்ல வராமல் அவள் வைத்த பெயர் துணு. அதன் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டால்தான் தூங்குவாள். பழுப்பேறி, நடுவில் ஒரு கறையோடு இருக்கும் அந்தத் துணியும் ட்ரேயில் போக வேண்டும் என்றார்கள். நான் வாங்கிப் போட்டேன். ரப்பர் பட்டைகளுக்குள் ட்ரே நுழைந்து மறைந்தது. பாப்பா ஒரு கணம் மூச்சே விடவில்லை. பிறகு அலறினாள். அந்த அலறலோடு அவளைத் தூக்கிக்கொண்டு மெட்டல் டிடெக்டர் சட்டத்தைத் தாண்டி, பெண்களைச் சோதிக்கும் திரைக்குள் போனேன்.

உள்ளே இருந்த பாதுகாப்புப் படைப் பெண் கையிலிருந்த கருவியை இறக்கிவிட்டார். "என்னம்மா, எதுக்கு அழுவுறா?" சொன்னேன். சோதனையை முடித்ததும் அவரே திரையை விலக்கி, பெல்ட்டின் மறுமுனையை அவளுக்குக் காட்டினார். "அங்க பாருடா கண்ணு. அந்தப் பக்கம் போச்சுல்ல? இந்தப் பக்கம் வரும் பாரு." வந்தது. ட்ரேயிலிருந்து அதை வாரி முகத்தோடு அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் ஒரு நிமிடத்தில் கண்டுகொண்டது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. உள்ளே போனது வெளியே வரும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கண்ட வரையில் அது போனது போனதுதான்.

விமானத்தில் தொந்தரவு இல்லை. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் குழந்தைகளுக்குக் காது அதிகம் வலிக்கும். வெளியில் காற்றழுத்தம் கூடக்கூடச் செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படும். விழுங்கும்போது தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து இரண்டு பக்கமும் சமனாகும். அதனால் கடைசிப் புட்டிப் பாலைக் கொடுக்காமல் வைத்திருந்து, தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே தொடங்கினேன். சக்கரம் தரையைத் தொட்டபோது துணுவை விரலில் சுற்றியபடி என் மார்பில் சாய்ந்திருந்தாள்.

சிங்கப்பூரில் இருந்த மூன்று வாரமும் ஓர் அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்தையும் வெட்டி விளையாடினோம். இந்தப் பக்கம் கரண்டியைத் தள்ளுவாள், அந்தப் பக்கம் அவள் அப்பா எடுத்துக் கொடுப்பார். பிறகு செருப்பு, பொம்மை, கடைசியில் துணு.

திரும்பும்போது, சாங்கியில் நாங்கள் ஏறிய முனையத்தில் செக்யூரிட்டி ஒவ்வொரு கேட்டின் வாசலிலும்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலை அங்கேதான் காலி செய்ய வேண்டும். அதுவரை பாப்பாவைக் கையில் பிடிக்காமல் விட்டேன். அந்த நீளமான கம்பள நடையில் ஓடி ஓடிக் களைத்தாள். கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. "கைக்குழந்தை இருக்கு, முன்னாடி போய்க்கட்டுமா?" என்று கேட்டேன். முன்னால் நின்ற பெரியவர் வழிவிட்டதோடு, ஸ்ட்ரோலரை மடக்கியும் கொடுத்தார். தனியாகப் பிள்ளையோடு போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கேட்ட இடத்தில் எனக்கு யாரும் முகம் சுளித்ததில்லை.

ட்ரே வந்தது. நான் கை நீட்டும் முன் அவள் எக்கி நின்று துணுவை அதில் வைத்தாள். சட்டத்தைத் தாண்டியதும் என் கையை உதறிக்கொண்டு பெல்ட்டின் மறுமுனைக்குப் போய் நின்றாள். பட்டைகள் அசைந்தன. "வந்தாச்சு!" என்று துணுவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. வழிவிட்ட பெரியவரின் பை வெளியே வந்தபோது, அவரைத் திரும்பிப் பார்த்து, அதற்கும் "வந்தாச்சு" என்றாள்.