கேட்காமலே எடுக்கும் இனாம்

சிங்கப்பூரில் இனாம் கேட்பவர் கிடையாது. டாக்ஸிக்காரர் மீட்டரில் விழுந்ததை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் கொடுத்துவிடுகிறார். லிட்டில் இந்தியாவில் டேக்கா மார்க்கெட்டில் தோசை சாப்பிட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்கு எழுந்து நடக்கலாம். தட்டை மட்டும் அதற்கென்று வைத்திருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்; 2021லிருந்து அது கட்டாயம். பெரிய ஹோட்டல்களில் பத்து சதவிகிதம் 'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லிலேயே அச்சாகி வரும். அதோடு பேச்சு முடிந்தது. தலையைச் சொறிந்துகொண்டு மேஜையருகே நிற்கும் வழக்கம் அந்தத் தீவில் இல்லை.

அதே தீவின் தென்கோடியில், மெரினா பே என்ற இடத்தில், 2012ல் திறந்த உல்லாசக் கப்பல் துறை ஒன்று இருக்கிறது. அங்கே நிற்கும் கப்பலுக்குள் காலை வைத்தீர்களோ இல்லையோ, சிங்கப்பூர் முடிந்து அமெரிக்கா ஆரம்பமாகிவிடுகிறது!

நான் ஏறிய கப்பல் நாலு இரவுப் பிரயாணமாகப் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்புவது. பிரயாணிகளில் பாதிப் பேருக்கு மேல் நம் தேசத்தவர்கள் என்றே தோன்றியது. சிப்பந்திகளில் பிலிப்பைன்ஸ்காரர்கள், இந்தோனேஷியர்கள், கோவாக்காரர்கள். கப்பலின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் 'நாஸ்ஸோ' என்று போட்டிருந்தது. அது பஹாமாஸ் தீவுகளின் தலைநகரம். கப்பல் பதிவான இடம் அது. கம்பெனியின் தலைமை ஆபீஸோ அமெரிக்காவில் இருக்கிறது. ஆகவே கணக்கு டாலர். வழக்கம் அமெரிக்க வழக்கம்.

அந்த வழக்கத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். பினாங்கு மலை ரயிலையும் புக்கெட் கடற்கரையையும் வர்ணிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த நாலு நாளும் கப்பலே ஓர் ஊராக இருந்தது. அந்த ஊரில் எல்லாம் உண்டு: நீச்சல் குளம், நாடக அரங்கம், சூதாட்ட மண்டபம், ஜைன சாப்பாடு. காசு மட்டும் கண்ணில் படுவதில்லை.

ஏறும்போது கையில் ஒரு அட்டையைக் கொடுக்கிறார்கள். கேபின் கதவுக்குச் சாவி அதுதான்; மணிபர்ஸும் அதுதான். காப்பி குடித்தாலும், பேரக் குழந்தைக்குப் பொம்மை வாங்கினாலும் அட்டையை நீட்டினால் போதும். நீட்டாமலே ஒரு கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. கேபினில் இருந்த டெலிவிஷன் பெட்டியில் என் கணக்கைப் பார்த்தேன். 'கிராஜுவிட்டி' என்று ஒரு வரி. ஆளுக்கு, நாளுக்குப் பதினெட்டு டாலர்.

நம் ஊரில் கிராஜுவிட்டி என்றால் என்ன? உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும்போது முதலாளி கொடுப்பது. கப்பலில் அதே சொல்லுக்கு, பிரயாணி கொடுப்பது என்று அர்த்தம். கொடுத்தால் இனாம், கேட்டு வாங்கினால் மாமூல், கேட்காமலே எடுத்துக்கொண்டால் கிராஜுவிட்டி! ஒரே சொல், கொடுக்கிற கை மட்டும் மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முன்பெல்லாம் உல்லாசக் கப்பல்களில் இனாம் கொடுப்பது கடைசி இரவுச் சடங்கு. பிரயாணம் முழுவதும் ஒரே மேஜை, ஒரே பரிசாரகர், அவருக்கு ஓர் உதவியாளர். கேபினைச் சுத்தம் செய்ய ஒரே ஸ்டூவர்ட். பெயர் தெரியும், முகம் தெரியும், காப்பிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பது அவருக்கும் தெரியும். கடைசி நாள் கவரில் ரொக்கத்தைப் போட்டு, கையைக் குலுக்கிக் கொடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தால் கௌரவம் என்று கப்பல்காரர்களே ஒரு சீட்டும் அச்சடித்து வைப்பார்கள். கவர் கொடுக்க மனமில்லாதவர்கள் கடைசி இரவு பெரிய சாப்பாட்டு மண்டபத்தின் பக்கமே தலைகாட்டாமல் வேறு இடத்தில் பசியாறிக் கொள்வதும் உண்டு. கருமி எந்தத் தேசத்திலும் கருமிதான்.

2000ல் நார்வீஜியன் கம்பெனி புது ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. எந்த நேரத்திலும், எந்தச் சாப்பாட்டுக் கூடத்திலும் பிரயாணி இஷ்டப்படி உட்காரலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்று பரிமாறியவர் நாளைக்கு இல்லை. கவரை யாரிடம் கொடுப்பது? ஆகவே மொத்தமாக நாள் கணக்கில் வசூலித்து, கம்பெனியே பங்கிட்டுக் கொடுப்பது என்று ஆயிற்று. மற்றக் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழிக்கு வந்தன. 'இனாம் அவசியமில்லை' என்று பல வருஷங்களாகப் பெருமையாகச் சொல்லிவந்த ஹாலந்து அமெரிக்கா கம்பெனி கூட 2004ல் அந்தக் கொள்கையைக் கைவிட்டது.

பிறகு தொகை ஏறத் தொடங்கியது. நார்வீஜியன் 2023 ஜனவரியில் சாதாரண கேபினுக்கு நாளுக்கு 20 டாலர் ஆக்கிற்று. அதே வருஷம் ஏப்ரலில் கார்னிவல் 16 டாலர் என்றது. ராயல் கரீபியன் 2024 நவம்பரில் 18.50 டாலருக்கு உயர்த்தியது. பெரிய ஸ்யூட் அறைகளுக்கு 21. குழந்தைகளுக்குச் சலுகை உண்டா என்றால் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். பால் குடிக்கும் சிசுவை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் ஓர் ஆள்தான் என்று எண்ணுகிறவர்களும் உண்டு.

என் பக்கத்து கேபினில் கோயமுத்தூர்ப் பெரியவர் ஒருவர் மனைவி, மகள், மூன்று வயதுப் பேத்தியோடு வந்திருந்தார். சொந்தத்தில் நூல் வியாபாரம். கணக்கில் புலி. மூன்றாம் நாள் காலை, கையில் ஒரு காகிதத்தோடு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நாலு பேரு, நாலு நாளு, பதினெட்டு டாலரு. இருநூத்தி எம்பத்தெட்டு ஆகுதுங்க. நம்ம காசுக்கு இருபத்தஞ்சாயிரம்! இத்தனூண்டு பேத்திக்கும் பதினெட்டு டாலரா? கேட்டுப்போட்டு எடுக்கறதில்லீங்களா?"

"வேண்டாமென்றால் கீழே கவுண்டரில் சொல்லி எடுத்துவிடலாமாம்" என்றேன்.

"அதைத்தானுங்க செய்யப் போறேன். நம்மூர்ல ஓட்டல்காரன் இப்படிப் போட்டா கோர்ட்டே கேக்குது."

அவர் சொன்னது உண்மைதான். ஹோட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிற்று. 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட் அது சரி என்றது. ஆனால் நாஸ்ஸோவில் பதிவான கப்பல் மலாக்கா ஜலசந்தியில் போகும்போது டில்லித் தீர்ப்பு அதில் ஏறுவதில்லையே!

இதே ஜலசந்தி வழியாகத்தான் 1926ல் கட்டிய ராஜுலா கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிய நம் ஜனங்களைச் சுமந்துகொண்டு, 1970களின் தொடக்கம் வரை பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தது. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்த அந்தப் பிரயாணிகளுக்குப் படுக்கை தட்டிப்போட ஆள் ஏது, இனாம் கவலை ஏது?

எங்கள் வரிசை கேபின்களுக்கு ஸ்டூவர்டாக இருந்தவர் ஜாவாத் தீவுக்காரர். முப்பது வயதிருக்கும். காலையும் மாலையும் நாம் வெளியே போன சமயம் பார்த்து உள்ளே வந்து, கண்ணாடிபோல் துடைத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். மாலையில் திரும்பினால் கட்டிலின் மேல் துண்டை மடித்துச் செய்த யானையோ குரங்கோ உட்கார்ந்திருக்கும். கோயமுத்தூர்ப் பேத்தி அந்த யானையோடுதான் தூங்கினாள்.

அவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். எட்டு மாத ஒப்பந்தம். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, ரம்ஜான் எதுவும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. ஊரில் நாலு வயதுப் பெண் இருக்கிறாள். அவள் நடக்கத் தொடங்கியதை டெலிபோனில் பார்த்தாராம்.

"சிலர் இனாமை வேண்டாமென்று எடுத்துவிடுகிறார்களே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், ஸார். மாதக் கடைசியில் தெரியும்."

இந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. நாம் இனாம் என்று நினைப்பதை அவர் சம்பளம் என்று நினைக்கிறார். அவர் நினைப்பதே சரி. 2012ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள், பி அண்ட் ஓ கப்பல்களில் சில சிப்பந்திகளின் அடிப்படைச் சம்பளம் மாதம் 250 பவுன், அதாவது மணிக்கு 75 பென்ஸ் என்று வெளியிட்டன. ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேச்சு. அந்தச் சம்பளத்துக்கு மேல் வீட்டுக்குப் போவதெல்லாம் பிரயாணி கொடுக்கும் இனாமைப் பொறுத்தது. பிரிட்டிஷ் கப்பலாயிற்றே, பிரிட்டிஷ் சட்டப்படி கூலி கிடையாதா என்றால் அதுதான் கொடியின் மகிமை. பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா என்று எந்தக் கொடியின் கீழ் கப்பல் பதிவாகிறதோ அந்தத் தேசத்துச் சட்டம்தான் பேசும். மயாமித் துறைமுகத்தில் நின்றாலும் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி வெளிநாட்டுச் சிப்பந்திக்குக் கிடையாது.

சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. 2006ல் ஏற்பட்டு 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. ஒரு நாளில் 14 மணிக்கு மேல், ஒரு வாரத்தில் 72 மணிக்கு மேல் கப்பல் சிப்பந்தியிடம் வேலை வாங்கலாகாது என்கிறது; அல்லது நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 77 மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது. ஆறுதலுக்கு இதைப் படித்தால், வாரத்துக்கு 72 மணியே உச்ச வரம்பு என்பதில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

கம்பெனிகள் ஏன் இந்தப் பதினெட்டு டாலரையும் டிக்கெட்டிலேயே சேர்த்துவிடக் கூடாது? சேர்க்கலாம். பத்திரிகை விளம்பரத்தில் டிக்கெட் விலை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். பி அண்ட் ஓ கம்பெனியே 2019 மே மாதத்தில் தனி இனாமை எடுத்துவிட்டது. கப்பல் மூழ்கவில்லை.

தானாக எடுக்கும் முறையில் நியாயமும் இல்லாமல் இல்லை. பழைய கவர் முறையில் பிரயாணி பார்த்த முகத்துக்கு மட்டுமே பணம் போயிற்று. இப்போது சாப்பாட்டுக் கூடத்தார், ஸ்டூவர்டுகள் இவர்களோடு, நம் கண்ணில் படாமல் வேலை செய்கிற சிலருக்கும் பங்கு போகிறது. ஆனால் அந்தப் பங்கு எப்படிப் பிரிகிறது என்ற விவரத்தைப் பிரயாணியிடம் காட்டுவதில்லை. நம் அட்டையிலிருந்து எடுக்கிறவர்கள் அதையும் ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன?

கடைசி இரவு கீழ்த்தளக் கவுண்டரின் முன்னால் நீளமான கியூ. கோயமுத்தூர்ப் பெரியவரும் நின்றார். அரை மணி கழித்துத் திரும்பியபோது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு மரியாதையாத்தானுங்க கேட்டுச்சு, நாலு பேருக்கும் எடுத்துடட்டுமான்னு. இந்தக் காசு யாருக்குப் போவுதுன்னேன். வேலைக்காரங்களுக்குன்னுச்சு. எங்க ஊட்டுக்காரி, அந்த யானை பண்ற பையன் காசைப் போயி கொறைக்காதீங்கன்னு ராத்திரியே சொல்லிப்போட்டா. பேத்திக்குப் போட்டதை மட்டும் தள்ளச் சொல்லிட்டேன். எழுபத்திரண்டு டாலரு."

"அதை மிச்சம் பிடித்துவிட்டீர்களாக்கும்!"

"இல்லீங்க. அதை அந்தப் பையன் கையிலயே குடுத்துட்டேன். கணக்குன்னா கணக்குங்க."

ஒன்று மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை. சில கம்பெனிகளில், பிரயாணி தானாக எடுக்கும் இனாமை நிறுத்திவிட்டால், அவர் கையில் கொடுக்கும் ரொக்கத்தைச் சிப்பந்தி பொதுப் பங்கில் சேர்த்துவிட வேண்டும் என்று விதி உண்டு. எங்கள் கப்பலில் நாலில் மூன்று பங்கு அப்படியே இருந்ததால் ஸ்டூவர்டின் பாடு எப்படியோ!

நீங்கள் சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறுவதாக இருந்தால், டிக்கெட் வாங்கும்போதே ஆளுக்கு நாளுக்கு இத்தனை டாலர் என்பதைக் கேட்டு, மொத்தச் செலவில் போட்டுப் பாருங்கள். பல கம்பெனிகளில் அதை முன்கூட்டியே கட்டிவிடவும் முடியும். பிறகு நடுக்கடலில் மனம் கசக்க வேண்டியதில்லை. குறைக்க வேண்டிய காரணம் இருந்தால் இறங்குகிற அன்று காலைக்குள் கவுண்டரில் சொல்ல வேண்டும். பரிசாரகர் கவனிக்கவில்லை என்றால் முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். அவரைத் திருத்த அவகாசமாவது இருக்கும். யாரோ ஒரு பாத்திரம் தேய்ப்பவரின் பங்கைக் குறைப்பதால் உங்கள் ரொட்டி சூடாகிவிடாது.

குளிர்பானக் கடையில் மட்டும் ஜாக்கிரதை. அங்கே கொடுக்கும் ரசீதில் பதினெட்டு சதவிகிதமோ இருபதோ ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதன் கீழே 'கூடுதல் இனாம்' என்று ஒரு காலி இடமும் விட்டிருப்பார்கள். முன்னால் வைத்தாயிற்றே என்று பேனாவை எடுத்து எழுதிவிடாதீர்கள். ஒரு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.