கூதிர்காலத்து அடுக்களை

ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களாகப் பகுத்து வாழ்ந்தவர் தமிழர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் எனப்படும். இக்காலத்தே வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து தமிழகத்தின்மீது பொழிகின்றது. தமிழ்நாட்டில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களில் பெய்துவிடும். 188 அடிகளையுடைய நெடுநல்வாடை என்னும் பழம்பாட்டின் தொடக்கத்தில் நக்கீரர் இப்பருவத்தை விரித்துரைக்கின்றார். குளிரால் நடுங்கும் கோவலர் தீ மூட்டிக் கைகளைக் காய்ச்சும் காட்சி அங்கே வருகின்றது. குளிர் மிகுந்த பொழுதில் மாந்தர் முதலில் நாடுவது தீ. அதனை அடுத்து நாடுவது அத்தீயில் வெந்த உணவு. அவ்வுணவைப் பற்றியே ஈண்டுக் கூற விழைகின்றேன்.

யான் பிறந்து வளர்ந்த ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் அது. காவிரிப் பாய்ச்சல் எங்கள் பக்கத்திற்கு இல்லை. ஏரியும் கிணறும் வான்மழையுமே எங்கள் உழவுக்குத் துணை. நீருள்ள நிலத்தில் நெல்லும், நீரில்லா மேட்டு நிலத்தில் வரகும் கம்பும் நிலக்கடலையும் விளையும். செம்மண் நிலங்களில் முந்திரி செழித்து வளரும்.

கூதிர்காலம் நிலத்திற்கு வளமான காலம். ஆனால் வீட்டிற்கு வறுமையான காலம். சம்பா நெல் அப்பொழுது வயலில் பச்சையாய் நிற்கும். அது வீடு வந்து சேரத் தைத்திங்கள் ஆகும். சென்ற ஆண்டு அறுத்த நெல்லோ குதிரின் அடியைத் தொட்டிருக்கும். "கூதிர் வந்தது, குதிர் ஒழிந்தது" என்று என் தந்தையார் நகைத்துக்கொண்டே கூறுவார். நெல் சேர்த்து வைக்கும் மண்கூட்டிற்குக் குதிர் என்பது பெயர். பருவத்தின் பெயரையும் கூட்டின் பெயரையும் அவர் இணைத்துக் கூறும்பொழுது நாங்களும் நகைப்போம். அந்நகைப்பின் அடியில் இருந்த கவலையை அன்னையார் மட்டுமே முழுதும் அறிவார். உண்போர் எண்ணிக்கை குறையாமலே, உணவுப் பொருள் குறைந்துவரும் நாள்களை நடத்த வேண்டியவர் அவரே அன்றோ!

அவ்வாறிருந்தும், என் நாவில் இன்றும் நிற்கும் சுவைகளுள் பல கூதிர்காலத்துச் சுவைகளே. அதற்குக் காரணம் என்ன? அன்னையார் கூதிர்காலச் சமையலைக் கூதிரில் தொடங்குவதில்லை. சித்திரை வெயிலிலேயே தொடங்கிவிடுவார்.

மழையில் நனைந்த விறகு எரியாது, புகையும். ஆதலின் வேனிலிலேயே முந்திரிச் சுள்ளிகளும் வறட்டிகளும் பரண்மீது ஏறிவிடும். சிறு வெங்காயத்தை நறுக்கி, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், பூண்டு முதலியவற்றோடு கலந்து உருண்டையாக்கிப் பல நாள் வெயிலில் காயவைப்பார். அதுவே தாளிப்பு வடகம். கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி ஆகியவை மோரில் ஊறி வற்றலாகும். மாங்காய் உப்பிலும் காரத்திலும் ஊறிச் சாடிக்குள் புகும். அடைமழை பெய்து, சந்தை கூடாது, கீரையும் அழுகிப்போன ஒரு நாளில் பரண்மீதிருந்து வடகம் இறங்கும். சூடான எண்ணெயில் அது பொரியும் மணம் தெருவரை செல்லும். சித்திரையின் வெயில் ஐப்பசியின் குழம்பில் மணக்கின்றது என்று எனக்குத் தோன்றும்.

அச்சாடியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மண்சட்டியில் நுண்துளைகள் உண்டு; ஊறுகாயின் உப்பும் எண்ணெயும் அவற்றின் வழியே கசியும். உலோகக் கலத்தையோ புளிப்பு அரித்துவிடும். பீங்கானில் இவ்விரு குறையும் இல்லை. களிமண்ணைப் பிற கனிமப் பொடிகளோடு பிசைந்து உருவாக்கி, மேலே மெருகுப் பூச்சுப் பூசி, ஆயிரம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுடும்பொழுது, அப்பூச்சு கண்ணாடிபோல் உருகிப் படிகின்றது. ஆதலின் புளிப்பும் உப்பும் அதனை ஒன்றும் செய்வதில்லை. எங்களுக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கே உள்ளது. பொம்மைகளும், கார்த்திகைக்கு ஏற்றும் அகல் விளக்குகளும் அங்கே செய்யப்படுகின்றன.

இனி உணவுக்கு வருவோம். ஐப்பசியில் நிலக்கடலை பறிப்பர். எங்கள் பக்கத்தார் அதனை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்னும் பெயர் மக்கள் வாயில் தேய்ந்து அவ்வாறு ஆயிற்று. மண் கழுவிய பசுங்காயை உப்பிட்டு அவித்து, முறத்தில் கொட்டுவார் அன்னையார். வெளியே மழை பெய்ய, உள்ளே அனைவரும் முறத்தைச் சுற்றி அமர்ந்து தோலுரித்து உண்போம். வாயில் உப்புநீர் ஊறும். விரல்களில் வெம்மை ஏறும். அவ்வின்பத்திற்குப் பொருட்செலவு மிகுதியாக இல்லை.

நிலக்கடலையும் முந்திரியும் மிளகாயும் நம் நாட்டில் தோன்றியவை அல்ல என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். மூன்றும் கடல் கடந்த அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. முந்திரியைப் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்தவர் போர்ச்சுகீசியர். மிளகாய் வருமுன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே கொண்டனர். மிளகைப் போல் காரமுடைய காய் ஆதலின் அது மிளகாய் எனப் பெயர் பெற்றது. விருந்தினராய் வந்த பயிர்கள் இன்று வீட்டினராய் ஆகிவிட்டன. விருத்தாசலத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலையிலும் முந்திரியிலும் புதிய வகைகளை உருவாக்கி உழவர்க்கு வழங்கியிருக்கின்றது.

யான் ஐந்தாம் வகுப்பில் பயின்ற ஆண்டில், கார்த்திகைத் திங்களில், மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. குதிரில் நெல் இல்லை. வரகரிசி சிறிது இருந்தது. வரகின் உமி பல அடுக்காய் இறுகப் பற்றியிருப்பது. அதனை நீக்கி அரிசியாக்குவது எளிய வேலையன்று. அன்னையார் அன்று பகலெல்லாம் அவ்வேலையைச் செய்து, இரவில் வரகுச்சோறும் மிளகு மணக்கும் கொள்ளுச் சாறும் ஆக்கினார். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து வைத்தார்.

நாங்கள் உண்ண அமர்ந்த வேளையில், மண்பாண்டம் விற்கும் முதியவர் ஒருவர் நனைந்த உடலோடு எங்கள் திண்ணையில் வந்து ஒதுங்கினார். அன்னையார் அவரை நோக்கி, "பெரியவரே, உள்ளே வாருங்கள், சூடாக ஒரு வாய் உண்ணுங்கள்" என்றார். அவர் தயங்கினார். "திண்ணை போதும் தாயே" என்றார். அன்னையார் விடவில்லை. வட்டிலில் சோறிட்டுச் சாறு ஊற்றி அவர்முன் வைத்தார். முதியவர் உண்ட வேகத்தைக் கண்டபொழுது அவர் அன்று முழுதும் உண்ணவில்லை என்பது எங்களுக்கு விளங்கிற்று. கேளாமலே அன்னையார் இரண்டாம் முறையும் சோறிட்டார்.

தந்தையார் அடுப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பானை கவிழ்த்தாற்போல் வெறுமையாய் இருந்தது. அவர் தம் வட்டிலில் பாதிச் சோற்றை ஒதுக்கி, "எனக்குப் பசி இல்லை" என்றார்.

"காலை முதல் வயலில் மடை திறந்து விட்டு வந்தவருக்குப் பசி இல்லை என்றால் நம்புவார் யார்? நீங்கள் உண்ணுங்கள்" என்றார் அன்னையார்.

"அடுப்பின்முன் நின்றவளுக்குப் பசி இராது என்பதை மட்டும் நான் நம்பவேண்டுமோ?" என்றார் தந்தையார்.

அன்னையார் மறுமொழி கூறவில்லை. அப்பாதிச் சோற்றை அவர் உண்ணும் வரை தந்தையார் எழாமல் அமர்ந்திருந்தார். மறுநாள் விடியலில் மழை விட்டது. முதியவர் யாரையும் எழுப்பாமல் சென்றுவிட்டார். திண்ணையில் புதிய சிறு சட்டி ஒன்று மூடியோடு இருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் தோன்றிற்று. சமையல் முடிந்ததும், எவருக்கும் பரிமாறுமுன், அன்னையாரின் பங்கு அச்சட்டியில் எடுத்து மூடப்பட்டு அடுப்பு மேட்டில் வைக்கப்படும். அதனை எடுத்து வைப்பது தந்தையாரின் வேலை. விருந்தினர் வந்தாலும் அச்சட்டியில் எவரும் கை வைத்தல் ஆகாது. வருவோர்க்கு எங்கள் பங்கிலிருந்து ஈவோம்.

கூதிர்காலம் எங்களுக்குப் பயணக் காலமும் ஆகும். கார்த்திகைத் தீபத்திற்குத் திருவண்ணாமலை செல்வோம். உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவலூர் வழியாகப் பேருந்து செல்லும். கருநாடகத்தின் நந்தி மலையில் தோன்றிக் கடலூருக்கு அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணை, அந்நாளில் திருக்கோவலூரில் கரை புரண்டு ஓடும். சாலையின் இருபுறமும் ஏரிகள் நிறைந்து ததும்பும்.

பயணத்திற்குக் கட்டுச்சோறு இன்றியமையாதது. பழந்தமிழில் இதனை ஆற்றுணா என்பர். ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்பதும் ஒரு பொருள். வழிக்கு வேண்டும் உணவு ஆற்றுணா. கற்றவனுக்கு எந்நாடும் தன் நாடே ஆதலின் அவனுக்கு ஆற்றுணா வேண்டுவதில்லை என்பது பழமொழி நானூற்றின் கருத்து. அப்பாடலைப் பல்லாண்டு வகுப்பில் நடத்தியிருக்கின்றேன். ஆயினும் என் அன்னையார் கட்டித் தந்த புளிச்சோறு இன்றி யான் எவ்வூருக்கும் சென்றதில்லை.

புளிச்சோறு இரண்டு நாள் கெடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. புளிப்பு மிகுந்த இடத்தில் உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகா. புளிக்காய்ச்சலை நீர் வற்றுமளவு காய்ச்சி நல்லெண்ணெய் கலப்பதும் அதற்குத் துணை செய்கின்றது. ஆறிய சோற்றில் அதனைக் கிளறி, வாட்டிய வாழையிலையில் பொதிந்து கட்டுவார் அன்னையார். எப்பொழுதும் வேண்டியதைப் போல் இரு மடங்கு கட்டுவார். "வழிச்சோற்றில் பாதி நமக்கு, பாதி வழியில் எதிர்ப்படுவோர்க்கு" என்பது அவர் கணக்கு.

அக்கணக்குப் பொய்க்கவில்லை. ஓராண்டு, ஓடை ஒன்று பெருகிச் சாலையை மறித்தமையால் எங்கள் பேருந்து நான்கு மணி நேரம் நின்றுவிட்டது. குழந்தைகள் அழத் தொடங்கின. அன்னையார் பொதியை அவிழ்த்தார். அதனைக் கண்டு மற்றவரும் தத்தம் பொதிகளை அவிழ்த்தனர். ஒருவரிடம் இட்டிலி, ஒருவரிடம் தயிர்ச்சோறு, ஒருவரிடம் அவல். ஓர் இசுலாமிய முதியவர் தம் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து நீட்டினார். பெயரும் ஊரும் அறியாதவர் ஒரு குடும்பத்தார் போல் உண்டனர். ஓடை வடிந்தது. இருள் சூழும் வேளையில், 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் எரிந்த தீபத்தைத் தொலைவிலிருந்தே கண்டு தொழுதோம். அன்று கோயிலை அடைய இயலவில்லையே என்று வருந்தியவர் எவரையும் யான் காணவில்லை.

இன்று காலம் பெரிதும் மாறிவிட்டது. விறகடுப்பின் இடத்தில் எரிவாயு அடுப்பு அமர்ந்துவிட்டது. புகையால் கண் கலங்கும் துன்பம் பல வீடுகளில் நீங்கியிருக்கின்றது. அது நன்றே. ஏழையின் உணவு என்று ஒதுக்கப்பட்ட வரகும் கம்பும் மீண்டும் மதிப்புப் பெற்றன. 2023ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. உணவைக் கைப்பேசியில் பணித்து வாயிற்படியில் பெறவும் இயலுகின்றது. கொட்டும் மழையில் அதனைக் கொணர்பவரும் உண்ணாமல் வந்த ஒருவராக இருத்தல் கூடும்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் யானும் சமைக்கப் பழகியிருக்கின்றேன். மழை நாள்களில் கொள்ளுச் சாறு வைப்பது என் பொறுப்பு. மிளகை இடிக்கும்பொழுதும், கொதி அடங்குமுன் இறக்கும்பொழுதும், ஒரு வேளை உணவின் பின்னே எத்துணைக் கவனம் உள்ளது என்பதைக் கைகளாலேயே உணர்கின்றேன். சாறு இறங்கியதும் என் மனைவியின் பங்கை முதலில் எடுத்து மூடி வைக்கின்றேன்.

மாணவர்களே! கூதிர்காலம் ஆண்டுதோறும் வரும். சூடான உணவு உங்கள்முன் வைக்கப்படும். அதன் சுவையைப் பாராட்டுங்கள். பாராட்டு சமைத்தவர்க்கு மகிழ்ச்சி தரும். ஆனால் முதற்கவளத்தை எடுக்குமுன், "நீங்கள் உண்டீர்களா?" என்று சமைத்தவரைக் கேளுங்கள். கேட்பதோடு நில்லாமல், அவர் பங்கு எங்கே இருக்கின்றது என்று எழுந்து சென்று பாருங்கள்.