மஷ்ரூவும் இரவுத் தொப்பியும்

வல்ல இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் தலைமுடியும் ஒன்று. முடியுடையவர் அதனைக் கண்ணியமாகப் பேண வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் தம் ஸுனனில் பதிந்துள்ளார்கள். ஆயினும், முக்காட்டுக்குள் மறைந்து கிடக்கும் முடிக்குப் பேணுதல் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. மறைக்கத் தக்கது என்பது வேறு. புறக்கணிக்கத் தக்கது என்பது வேறு.

சில மாதங்களுக்கு முன், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் ஒன்பது வயது மகளுடன் எம் இல்லம் வந்தார். சிறுமிக்கு அடர்ந்த சுருட்டை முடி. காலைதோறும் சிக்கெடுக்கையில் அழுகை. பள்ளியில் தோழியரின் கேலி. உறங்கும்போது சாட்டின் தொப்பி அணிந்தால் சிக்கு விழாதென யாரோ சொல்ல, துணியும் வாங்கி வந்திருந்தார். “ஹஜ்ரத், பட்டு மாதிரி மினுங்குதே, இது கூடுமா? கூடாதுன்னா முடியை ஒட்ட வெட்டிவிடலாம்னு இருக்கேன்” என்றார். பின்னால் நின்ற சிறுமி தன் பின்னலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

பட்டு, ஆண்களுக்கு விலக்கப்பட்டது, பெண்களுக்கு ஆகுமானது. ஆண்களிலும் ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டணிய நபியவர்கள் அனுமதி தந்ததை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணலாம். துன்பம் நீங்கும் வழியை ஷரீஅத் அடைப்பதில்லை. அன்றியும், அத்தாய் கொணர்ந்தது பட்டே அன்று, பாலியெஸ்டர் இழை. சாட்டின் என்பது இழையின் பெயரல்ல, நெசவின் பெயர். சாதாரண நெசவில் பாவு நூல் ஓர் ஊடைக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக மாறி மாறிச் செல்லும். சாட்டினிலோ நான்கோ அதற்கு மேற்பட்டோ ஊடைகளைத் தாண்டி, ஒன்றின் கீழ் மட்டும் நுழையும். நூல் நீளமாக மேலே கிடப்பதால் வழவழப்பும் பளபளப்பும் உண்டாகின்றன. அரபியில் இதனை ‘அத்லஸ்’ என்பர். வழவழப்பானது என்று பொருள். ‘சாட்டின்’ என்னும் சொல்லோ, அரபு வணிகர் ‘ஜைத்தூன்’ என்றழைத்த சீனத் துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்தது என்பர் சொல்லாய்வோர். இன்றைய குவான்ஜோ அது. 14ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற இப்னு பதூதா, ஊரின் பெயரால் வழங்கும் துணிகளைக் குறிப்பிடுகிறார். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அவ்வூரில் கிடைத்திருக்கிறது.

குஜராத்தில் ‘மஷ்ரூ’ என்றொரு துணி நெய்யப்படுகிறது. ‘ஷரீஅத் அனுமதித்தது’ என்பதே அப்பெயரின் பொருள். பட்டுப் பாவு, பருத்தி ஊடை, நெசவோ சாட்டின். பட்டு வெளியே ஒளிரும். உடலைத் தீண்டுவது பருத்தி. பாவு பட்டாயினும் ஊடை வேறாயின் ஆண்கள் அணியலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. நம் இரவுத் தொப்பியோ மஷ்ரூவைத் திருப்பிப் போட்டது போன்றது: பருத்தி வெளியே, வழவழப்பு உள்ளே. காண்போருக்காக அன்றி, அணிபவருக்காகவே அமைந்தது.

தைக்கும் பொறுப்பை என் இல்லத்தார் ஏற்றார். அளவு குறிப்பது என் பங்கு. மெல்லிய பருத்தியில் ஒன்றும் சாட்டினில் ஒன்றுமாக, 22 அங்குல விட்டமுள்ள இரு வட்டங்கள் வேண்டும். துணியை நான்காக மடித்து, மடிப்பு முனையிலிருந்து 11 அங்குலத்தில் வில்லாகக் கோடிட்டு வெட்டினால் வட்டம் கிடைக்கும். நீண்ட கூந்தலுக்கு விட்டத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று நோக்க வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே சுற்றிலும் தைத்து, இரண்டங்குலம் மட்டும் திறந்து விட வேண்டும். சாட்டின் வழுக்கும், நூல் பிரியும், ஊசித் துளை மறையாது. ஆகையால் குண்டூசிகளை ஓரத்திலேயே குத்தி, மெல்லிய புது ஊசியால் நிதானமாகத் தைத்தல் நலம். திறப்பின் வழியே திருப்பி, மிதமான சூட்டில் தேய்த்து, விளிம்பிலிருந்து அரை அங்குலத்தில் மற்றொரு சுற்றுத் தையலிட்டால் எலாஸ்டிக் செல்லும் வழி அமையும். தலைச்சுற்றளவு 21 அங்குலமெனில், கால் அங்குல அகலமுள்ள எலாஸ்டிக் 20 அங்குலம் போதும். ஊக்கில் கோத்து நுழைத்து, முனைகளை ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்துத் திறப்பை மூடிவிடலாம். நெற்றியில் தடம் பதியுமாயின் இறுக்கம் மிகுதி, தளர்த்துக.

முடியின் மேற்புறம் ஓட்டு வீட்டுக் கூரைபோல் நுண்ணிய செதில்களால் ஆனது. இரவெல்லாம் பருத்தித் தலையணையில் புரளும்போது அவை உரசிக் கிளம்புகின்றன. முடி பின்னிக்கொண்டு அறுகிறது. தடவிய எண்ணெயையும் பருத்தி உறிஞ்சிவிடுகிறது. வழவழப்பான துணியில் உரசல் குறைவு. ஈர முடியில் மட்டும் இதனை அணியலாகாது. இது முடியை வளர்க்கும் மருந்தன்று. இருப்பதைக் காக்கும் உறை.

இத்தகைய தொப்பியை இரவுப் பழக்கமாகப் போற்றி வருவோர் அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள். அவர்களின் முன்னோர் முடியின் பொருட்டும் இழிவு சுமந்தவர்கள். 1786இல் லூசியானா ஆளுநர் மீரோ, விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் கட்டவேண்டுமென ஆணையிட்டார். தாழ்த்துவதற்காக வந்த அத்துணியையே அவர்கள் அழகிய தலைப்பாகையாக்கி நிமிர்ந்து நடந்தார்கள்.

மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக ஸூரா ரூமின் 22ஆம் வசனத்தில் அல்லாஹ் எடுத்துரைக்கிறான். சுருண்ட முடியும் அவ்வேறுபாட்டைச் சேர்ந்ததே. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும், கேலி பேசும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் பெற்றோரின் கடமை. அச்சிறுமிக்குக் காலையில் சிக்கெடுக்கும் நேரம் குறைந்திருக்கிறதாம், பின்னல் வெட்டப்படவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எவரும் படைத்தவன் தந்த உருவத்தை எண்ணி நாணாதிருக்க அவன் அருள்வானாக. ஆமீன்.