நனைந்த மலையில் நடை பழகுவோம்!



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் கண்டிப் பகுதிக் குடும்பங்கள் பல வேன் பிடித்து நக்கிள்ஸ் மலைக்குப் புறப்படுகின்றன. ஆண்களும் பிள்ளைகளும் இறங்கி நடப்பார்கள். உம்மாவும் மூத்தம்மாவும் சோற்றுப் பார்சலுக்குக் காவலாக வேனிலேயே இருந்துவிடுவார்கள். கேட்டால், "வழுக்கும், நான் வரல்ல" என்பார்கள். வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வழுக்கும் நிலத்தில் நடப்பதற்கும் ஒரு முறை உண்டு. அதைப் பழகிக்கொண்டால் நீங்களும் தாராளமாக நடக்கலாம்.

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் திகன, தெல்தெனிய தாண்டினால் ஹுன்னஸ்கிரிய வரும். அங்கிருந்து மீமுரே செல்லும் பாதை மலைக்குள் நுழைகிறது. மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் இதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டார்கள். சிங்களத்தில் தும்பர மலை. கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்க, இங்குள்ள கொம்பனிய சிகரம் 1,900 மீட்டரையும் தாண்டுகிறது. நமது மத்திய மலைநாட்டை 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தபோது இந்தக் காடும் அதில் சேர்க்கப்பட்டது.

இந்த மலையில் ஒரே நடையில் நிலம் பலமுறை மாறும். முதலில் இறுகிய தோட்டப் பாதை. அடுத்து காலை இழுக்கும் களிமண். பிறகு மானாப்புல் சரிவு. காட்டுக்குள் ஈர இலைக்குப்பை. ஓடைக் கரையில் பாசி பிடித்த கல். ஒன்றில் பழகிய நடை அடுத்ததில் உதவாது. பனி பொழியும் நாடுகளில் பலகை கட்டிச் சறுக்குவோருக்கும் இதே சங்கடம் உண்டு. செப்பனிட்ட பாதையை விட்டு வெளியே போனால், ஓரிடத்தில் பனி ஈரமாகிக் கனத்திருக்கும், அடுத்த இடத்தில் மேலோடு இறுகியிருக்கும். பயந்து பின்னால் சாயாதே, பாரத்தை இரண்டு காலிலும் வை, அவசரப்பட்டுத் திரும்பாதே என்பதே அவர்களுக்குச் சொல்லப்படும் பாடம். நமக்கும் அதுவே போதும்.

இறங்கும்போது பயத்தில் உடல் தானாகவே பின்னால் சாய்கிறது. அப்போது குதிகால் மட்டும் மண்ணில் படும்; கால் முன்னே பறந்துவிடும். முழங்காலைச் சற்று மடக்கி, உடலைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாரம் முழுப் பாதத்தையும் மண்ணில் அழுத்தும், பிடிப்பு கிடைக்கும். எட்டுகள் சிறியதாக இருக்கட்டும். செங்குத்தான இடத்தில் நேரே இறங்காமல், பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, குறுக்கும் மறுக்குமாக இறங்குங்கள்.

கையில் ஓர் உறுதியான தடி வேண்டும். முதலில் தடியை ஊன்றிப் பாருங்கள். அது நின்றால்தான் காலை மாற்றுங்கள். இரு கால், ஒரு தடி என்ற மூன்றில் இரண்டு எப்போதும் நிலத்தில் இருக்கட்டும். பதறி மானாப்புல்லைப் பிடித்தால் கையை அறுத்துவிடும். காய்ந்த கொப்பு முறிந்துவிடும். பார்வை கால்நுனியில் இல்லாமல் நாலைந்து எட்டு முன்னே போகட்டும். மினுமினுக்கும் கல்லைக் கண்டால், அதன்மேல் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கால் தவறிவிட்டால் மேட்டுப் பக்கமாக அமர்ந்துவிடுங்கள்.

ரப்பர் செருப்பு வேண்டாம். அடியில் ஆழமாக வெட்டுள்ள சப்பாத்தே நல்லது. அபாயாவின் விளிம்பு காலடியில் சிக்காதபடி, உள்ளே ஷல்வார் அணிந்து, விளிம்பைச் சற்று உயர்த்தி ஊசி குத்திக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் பிய்க்காமல், நகத்தால் வழித்துவிடுங்கள். பிள்ளையோடு இறங்கும்போது நீங்கள் பள்ளப் பக்கம் நடக்க வேண்டும். உருளும் கற்கள் உள்ள இடத்தில் ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நிற்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. அது திரும்பி வருவது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து எத்தனையோ உயிர்கள் போயின. ஊறிய மலை முதலில் சில அடையாளங்களைக் காட்டுவதுண்டு: நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கசியும் ஊற்று, தெளிந்த ஓடை கலங்கி ஓடுவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். அங்கே எந்த நடைமுறையும் காப்பாற்றாது. புறப்படுவதற்கு முன் மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். காட்டுக்குள் செல்ல வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டும் தேவை. பாதை திறந்திருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். பிற்பகலில் மழை கறுக்கும் மாதங்களில் சுபஹ் தொழுததும் கிளம்பி, லுஹருக்குள் வேனுக்குத் திரும்பிவிடுங்கள்.

சகோதரிகளே, கண்டியில் பல வீடுகள் சரிவில்தானே இருக்கின்றன! மழை விட்ட ஒரு காலையில், வீட்டுப் பின்புறச் சரிவில் தடியுடன் பத்து எட்டு இறங்கிப் பாருங்கள். முழங்கால் மடங்கட்டும், உடல் பின்னால் சாயாதிருக்கட்டும். நான்கு நாள் பழகினால் கால் தானாகப் படிந்துவிடும். அடுத்த விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளோடு நீங்களும் மலையில் இறங்கி நடப்பீர்கள்.