ஒரு மார்க் கேள்வி

44-வது அரசியல் சட்டத் திருத்தத்தால் அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டது எது? சொத்துரிமை. ஒரு மார்க். இருபத்தொன்பது வருஷம் குடிமையியல் வகுப்பில் அந்தத் திருத்தத்தைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். விடை தப்பில்லை. அதன் மறைவில் நான் ஒளிந்துகொண்டதுதான் தப்பு.

எமர்ஜென்சி 1975 ஜூன் 25 இரவே வந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் அதன் சூடு உறைத்தது 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த பிறகுதான். அடுத்த சில நாட்களில் எங்கள் பள்ளித் தமிழாசிரியரை மிசா தடுப்புக்காவல் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். கட்சிக் கூட்டங்களில் பேசுவார். அவர் செய்த குற்றமென்று வேறெதுவும் எனக்குத் தெரியாது. நான் ஆசிரியர் சங்கத்தின் கிளைச் செயலாளர். கைக்குழந்தையோடு அவர் மனைவி வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணே, சங்கத்துலேருந்து கலெக்டருக்கு ஒரு மனு குடுத்தாப் போதும்ணே."

"பாப்போம்மா" என்றேன். பார்க்கவில்லை.

பயந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. எனக்கு எமர்ஜென்சி பிடித்திருந்தது. தாலுகா ஆபீஸில் பத்து மணிக்கு நாற்காலியில் ஆள் இருந்தது, பஸ் நேரத்துக்கு வந்தது. "இந்த ஜனங்களுக்கு இதுதான் சரி" என்று டீக்கடையில் சத்தமாகச் சொன்னவன் நான். அந்த ஏப்ரலில், காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றப் படி ஏற முடியாது என்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. மறுத்து எழுதிய ஒருவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டியவர். அவரைத் தாண்டி இளையவரை நியமித்தார்கள், ராஜினாமா செய்தார். அவர் இழந்தது அவ்வளவு பெரிய பதவி. நான் காப்பாற்றிக்கொண்டது கிளைச் செயலாளர் பதவி!

1977 மார்ச் தேர்தலில் வடக்கு இந்திராவைக் கவிழ்த்தது. இங்கே 39-ல் 34 இடம் காங்கிரஸ்–அ.தி.மு.க. அணிக்குப் போனது. என் ஓட்டும் அதில் உண்டு.

அடுத்த வருஷம் ஜனதா ஆட்சியில் வந்த 44-வது திருத்தம், திருடன் புகுந்த வழியையெல்லாம் பார்த்துப் பார்த்து அடைத்த காரியம். எமர்ஜென்சி வந்த இரவு மந்திரிசபையைக் கேட்காமலே குடியரசுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கினார்கள், மந்திரிகளுக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். அதனால் இனி மந்திரிசபையின் முடிவு எழுத்தில் வர வேண்டும். 'உள்நாட்டுக் குழப்பம்' என்று எதையும் சொல்லிவிடலாம். அதை எடுத்துவிட்டு 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' என்று வைத்தார்கள். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. இதையெல்லாம் வகுப்பில் விளக்கினால் அந்த இருபத்தொரு மாதக் கதையைச் சொல்லியாக வேண்டும். பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "நீங்க அப்ப என்ன சார் செஞ்சீங்க?" என்று கேட்டால்? சொத்துரிமையில் அந்த ஆபத்து இல்லை.

ஓராண்டு கழித்துத் தமிழாசிரியர் திரும்பி வந்தார். ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் நாற்காலி. கடைசிவரை அந்த மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெற்றிலை மடித்தால் எனக்கும் ஒன்று நீட்டுவார்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பைத் தப்பென்று தள்ளியபோது அவர் உயிரோடு இல்லை. சங்கத்தின் மினிட்ஸ் நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. 1976 பிப்ரவரிக் கூட்டத்துக்கு என் கையெழுத்தில் ஒரே தீர்மானம்: ஆசிரியர் அறைக்கு மண்பானை இரண்டு வாங்குவது.