உவர்க்காணியும் உமரியும்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள், பனிக்காலத்தில் றோட்டில் உப்புக் கொட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அதனால் ஒரு புதினம் நடந்திருக்கிறது. முன்பு கடற்கரையில் நின்ற ஒரு சின்ன வெள்ளைப் பூச்செடி இப்போது மோட்டர்வே ஓரமெல்லாம் குடியேறிவிட்டது. வசந்தகாலத்தில் தொழிற்சாலைக்குப் போகும்போது பஸ்ஸில் இருந்து பார்ப்பேன்.

அதைக் கண்டால் எனக்கு ஊர் உமரிதான் நினைவில் வரும். தொண்டைமானாற்று நீரேரிக் கரையில் எங்களுக்கு 8 பரப்பு வயல் உண்டு. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வரம்பு உடைந்து உவரேறிவிட்டது. நெல் கருகும், உமரி மட்டும் செழித்து நிற்கும். “காணி செத்துப்போச்சு, வந்த விலைக்குக் குடுப்பம்” என்கிறார் அண்ணை. ஐயா அந்த வயலை நம்பித்தான் எங்கள் நாலு பேரையும் வளர்த்தவர்.

நான் ஓ.எல்லோடு படிப்பை விட்டவன். ஆனாலும் தேடிப் பார்த்தேன். உமரி உப்பை உறிஞ்சித் தன் இலைக்குள்ளேயே சேர்த்து வைக்கும். கடித்தால் கரிப்பது அதனால்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு ஹெக்டேயரில் உமரி 4 மாதத்தில் 504 கிலோ உப்பை எடுக்கும். ஹெக்டேயர் என்றால் எங்கள் கணக்கில் ஏறக்குறைய 40 பரப்பு. எங்கள் வயலுக்கு 100 கிலோ, இரண்டு மூட்டை!

ஆனால் செடியை வெட்டி வெளியே கொண்டுபோகவேண்டும். விட்டால் காய்ந்து விழுந்து உப்புத் திரும்பவும் மண்ணுக்கே போகும். வரம்பைக் கட்டி உவர்நீரை மறிக்காவிட்டால் எத்தனை தரம் வெட்டியும் பயனில்லை. மாரி மழையும் கழுவவேண்டும். ஒரு போகத்தில் முடிகிற காரியமில்லை.

அந்த ஆய்வில் அடம்பன் கொடியும் இருந்தது. ஊரில் வீக்கத்துக்கு அதன் இலையை வதக்கிக் கட்டுவார்கள். அடம்பன் சாறு சொறிமுட்டையின் நஞ்சை முறிக்கிறது என்று தாய்லாந்துச் செடியை வைத்துச் செய்த ஆய்வொன்று 1991இல் வெளிவந்தது. இது வெளிப்பூச்சுக்கு மட்டும், குடிக்கக் கொடுக்கவேண்டாம். உமரியைக் கீரையாகச் சமைப்பவர்களும் உண்டு, பிறஷர்காரருக்கு அது கூடாது. தில்லை மரத்தில் கைவைக்கவே வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

போன கிழமை அண்ணையிடம் எல்லாம் சொன்னேன். வரம்புக்கும் வெட்டுக்கூலிக்கும் ஓவர்ரைம் காசு அனுப்புகிறேன், இரண்டு மாரி பொறுங்கோ என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

“வெட்டினதை எங்கை கொண்டுபோய்க் கொட்டுறது?”

“வரம்புக்கு அங்காலை, நீரேரிப் பக்கம்தான் அண்ணை.”

முதலில் ஒரு பரப்பில் பார்ப்போம் என்றிருக்கிறார்.