ஆறு மணி முதல் எட்டு மணி வரை

சில மாதங்களுக்கு முன்பு நண்பன் ஒருவன் பானஸ்வாடியில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோனான். காலையில் கணபதி ஹோமம், மாலையில் மொட்டை மாடியில் பார்ட்டி. ஆளுக்கொரு கண்ணாடித் தம்ளர் வந்தபோது நான் எலுமிச்சை சோடா கேட்டேன். அவ்வளவுதான். "ஏன், உடம்புக்கு என்ன?" என்றார் ஒருவர். "சுகரா?" என்றார் இன்னொருவர். "வீட்ல ஆர்டரா?" என்று கண்ணடித்தார் மூன்றாமவர். "ஒரே ஒரு ஸ்மால், எனக்காக" என்று தோளில் கை போட்டான் நண்பன்.

நான் பதினெட்டு வருடம் குடித்தவன். அந்தப் பதினெட்டு வருடத்தில் எந்த விருந்திலும், எந்த மொட்டை மாடியிலும் ஒருவர்கூட என்னிடம் ஏன் குடிக்கிறாய் என்று கேட்டதில்லை. நிறுத்திய பிறகு எல்லோருக்கும் காரணம் வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் மது அருந்துபவர்கள் 14.6 சதவீதம். அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குடிப்பதில்லை. அந்த மொட்டை மாடியில்தான் நான் சிறுபான்மை. படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டால் பெரும்பான்மை.

தமிழில் எம்.ஏ. படித்தவன் என்பதால் இந்த விஷயத்தில் நம் மொழி எவ்வளவு தாராளமானது என்று எனக்குத் தெரியும். கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி என்று சங்கப் புலவர்கள் பெயர்களை அடுக்கியிருக்கிறார்கள். அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை நினைத்து ஔவை அழுத பாட்டு புறநானூற்றில் உண்டு. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே எழுதிவைத்தார். விடுதி அறையில் நாங்கள் ஔவையைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு குடித்தோம். தேர்வில் வள்ளுவரை எழுதி மார்க் வாங்கினோம்.

இன்றைக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சரக்கு, தண்ணி, மப்பு, குவார்ட்டர். தமிழ்நாட்டில் 'கட்டிங்' என்பது பெங்களூரில் 'நைன்ட்டி'. அளவு ஒன்றுதான், 90 மில்லி. குடும்பம், குலம், மக்கள் என்றெல்லாம் பொருள் தரும் 'குடி' என்ற அழகான சொல்லை வைத்து 'குடிமகன்' என்று சிலேடை பேசாத பட்டிமன்றம் உண்டா? சினிமாவில் குடிகாரர் தள்ளாடினால் நகைச்சுவை. கடைசி ரீலில் ரத்த வாந்தி எடுத்தால் நீதி. சிரிப்புக்கும் சாவுக்கும் நடுவே, தினமும் ஒழுங்காக வேலைக்குப் போய், ஒழுங்காகக் குடித்து, மெதுவாகச் சீரழியும் மனிதன் எந்தப் படத்திலும் அதிகம் தென்படுவதில்லை. பதினெட்டு வருடம் நான் அந்த மனிதனாக இருந்தேன்.

அரசாங்கங்களும் இரண்டு கோடிகளுக்கு நடுவேதான் ஊசலாடியிருக்கின்றன. 1937ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971ல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. 2003ல் சில்லறை விற்பனையையே அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2023-24ல் மது மூலம் தமிழக அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கர்நாடகம் 2007 ஜூலை 1 முதல் சாராயத்தைத் தடை செய்தது. பார்களும் ஒயின் ஷாப்புகளும் அப்படியே இருந்தன.

அடுத்த ஆண்டு, 2008 மே மாதம், பெங்களூர், ஆனேக்கல், கோலார், எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று கள்ளச்சாராயம் குடித்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது நான் ஒரு பத்திரிகையில் இரவு ஷிஃப்டில் இருந்தேன். ஏஜென்சி செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். சாவு எண்ணிக்கை மணிக்கு மணி ஏறியது. மெத்தனால் முதலில் கண்ணைத்தான் கெடுக்கும் என்று ஒரு பெட்டிச் செய்தியும் எழுதினேன். ஷிஃப்ட் முடிந்து அறைக்குப் போய், எடுத்துவைத்திருந்த பாட்டிலைத் திறந்தேன். 'அது கள்ளச்சாராயம், நாம் குடிப்பது நல்ல சரக்கு' என்று சொல்லிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. செத்தவர்கள் கூலித் தொழிலாளிகள், நான் எழுத்தாளன். 'சாராயம் குடிப்பவன்', 'டிரிங்ஸ் சாப்பிடுபவர்' என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவே இருக்கும் சாதி வித்தியாசத்தை நான் அன்று யோசிக்கவில்லை.

திருமணமாகிக் காக்ஸ் டவுனுக்கு வந்தோம். இது கன்டோன்மென்ட் பகுதி. அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இருக்கிறது. ராணுவத்தைச் சுற்றித் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்த ஊர் என்பதால், 'மிலிட்டரி ரம்' என்ற சொல்லுக்கு இங்கே தனி மரியாதை. பத்திரிகை வேலையை விட்டு வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஷிஃப்ட் என்று எதுவும் இல்லை. ஆறு மணிக்குக் கணினியை மூடினால் கால் தானாக மார்க்கெட் பக்கம் போகும். திரும்பி வர எட்டாகும். யாரோடும் சண்டை போட்டதில்லை, சாக்கடையில் விழுந்ததில்லை. மனைவி ஒருமுறை தாங்காமல் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லி அழுதிருக்கிறாள். "அடிக்கிறாரா?" என்று கேட்டாராம் அவர். இல்லை. "சம்பாத்தியத்தைக் குடுத்துடறாரா?" கொடுக்கிறார். "அப்புறம் என்னம்மா, தங்கமான மனுஷன்!" நம் ஊரில் ஆண்களுக்கு நல்லவன் பட்டம் கிடைப்பது அவ்வளவு சுலபம்.

2019ல் ஒரு சிறு புத்தகம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. குடியால் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கானது. முதல் சிக்கல், 'ஆல்கஹாலிக்' என்பதற்கு என்ன எழுதுவது? 'குடிகாரர்' என்றால் அது வசவு. 'குடிக்கு அடிமையானவர்' என்பது மேடைப் பேச்சு. கடைசியில் 'குடிநோயாளி' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். மறுவாழ்வு மையங்கள் ஏற்கனவே புழங்கி வந்த சொல்தான். நோய் என்று எழுதியதும், வாக்கியத்தில் வசவு போய் மருத்துவர் வந்து நின்றார்.

அதில் நான்கு கேள்விகள் இருந்தன. அமெரிக்க மருத்துவர் ஜான் யூவிங் உருவாக்கி, 1984ல் மருத்துவ இதழில் வெளிவந்தவை. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? உங்கள் குடியைப் பற்றி யாராவது குறை சொல்லி எரிச்சல்பட்டிருக்கிறீர்களா? குடித்ததற்காகக் குற்றவுணர்ச்சி கொண்டதுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கமோ மந்தமோ தீரக் குடித்ததுண்டா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே யோசிக்க வேண்டும் என்பார்கள். நல்ல தமிழில் நான்கையும் எழுதி முடித்தேன். கணினிக்குப் பக்கத்தில் தம்ளர் இருந்தது. மூன்றுக்கு ஆமாம். நான்காவதற்கு இல்லை என்று பெருமையோடு நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கே குடிக்கும் பீர் அப்போது கணக்கில் வரவில்லை.

அப்போதும் நிறுத்தவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு மாலை, ஒன்பது வயது மகளை ட்யூஷனிலிருந்து அழைத்துவர ஸ்கூட்டரில் போனேன், மார்க்கெட் வழியாக. அவள் வாசலுக்கு வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பின் சீட்டில் ஏறவில்லை. "நடந்தே போலாம்பா" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் போக, பத்தடி பின்னால் அவள் வந்தாள். பதினைந்து நிமிட நடை. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான தூரத்தை நான் நடந்ததில்லை.

நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் போதை மருத்துவப் பிரிவில் நான் சந்தித்த மருத்துவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. எவ்வளவு, எப்போது, எத்தனை வருடம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். "நாளைக்கே வைராக்கியமா நிறுத்திடறேன்" என்று நான் சொன்னபோதுதான் தலை நிமிர்ந்தார். தினமும் நிறையக் குடிப்பவர் தானாகத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், சில சமயம் உயிரே போகலாம் என்று விளக்கினார். மாத்திரைகளும் பி1 வைட்டமினும் கொடுத்து, குடும்பத்தாரை வரச்சொல்லி, படிப்படியாக வெளியே கொண்டுவந்தார். நான் அதிர்ஷ்டசாலி. அதே எய்ம்ஸ் ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். மற்றவர்களுக்குக் கிடைப்பது தாயத்து, சத்தியம், உறவினர்கள் கூடி நடத்தும் பஞ்சாயத்து.

உடம்பு இரண்டு வாரத்தில் தெளிந்தது. மாலைதான் தெளியவில்லை. ஆறு மணி வந்துவிடும். எட்டு மணி வராது. குடியை விட்டவனுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தருவதில்லை. ஜிம்முக்கு மூன்று மாதப் பணம் கட்டி நான்கு நாள் போனேன். தியானம் பழக உட்கார்ந்தால் கண்ணுக்குள் பாட்டில் தெரிந்தது.

வழி காட்டியவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரோடு ஒருவர் பேசிப் பிழைத்ததில் தொடங்கியது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம். அதன் கூட்டம் ஒன்று எங்கள் பகுதித் தேவாலயத்தின் பின்கட்டில் நடக்கும். கட்டணம் கிடையாது, முழுப்பெயர் கேட்பதில்லை. தொட்டிகுண்டாவில் பிறந்து வளர்ந்த அந்த ஓட்டுநர் பத்து வருடமாகத் தொடாதவர். "சார், நாலு விஷயம் பாத்துக்கோங்க. பசி, கோபம், தனிமை, களைப்பு. இதுல ஒண்ணு வந்தாலும் கால் கடைப் பக்கம் போவும். மொதல்ல அஞ்சே முக்காலுக்கு வயித்துக்கு எதுனா போடுங்க" என்றார்.

இவ்வளவுதானா என்று தோன்றியது. ஆனால் என் ஆறு மணித் தாகத்தில் பாதி பசியாக இருந்தது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. ஐந்தே முக்காலுக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு கை வேர்க்கடலையும் சாப்பிட ஆரம்பித்தேன். பிறகு நடை. மார்க்கெட் வழியைத் தவிர்த்து அல்சூர் ஏரி வரை. மகளும் வர ஆரம்பித்தாள், முதலில் பத்தடி பின்னால். திரும்பி வந்ததும் இரவுச் சமையல் என் பொறுப்பு. குக்கர் விசில் எண்ணுகிறவனுக்கு வேறு எதையும் எண்ண நேரமில்லை. உடற்பயிற்சிக்கோ உடல் நலத்துக்கோ செய்தவை அல்ல இவை. குடி உட்கார்ந்திருந்த நாற்காலியில் வேறு ஒன்றை உட்காரவைத்தேன், அவ்வளவே. காலியாக விட்டால் பழைய ஆளே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒருமுறை வந்தும் உட்கார்ந்தார். 2020 மே 4. ஊரடங்கில் நாற்பது நாளாக மூடியிருந்த மதுக்கடைகள் கர்நாடகத்தில் திறந்த நாள். பால் வாங்கப் போனவன் வரிசையைப் பார்த்தேன். சுண்ணாம்பு வட்டங்களில் இடைவெளி விட்டு நின்ற அவ்வளவு பேரையும் பார்த்ததும், எல்லோரும்தானே என்று ஒரு வட்டத்தில் நானும் நின்றுவிட்டேன். ஏழு மாதக் கணக்கு அன்று அழிந்தது. இரவு ஆட்டோ ஓட்டுநருக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சரிண்ணா, நாளைக்கு ஒண்ணுல இருந்து எண்ணுங்க" என்றார். சார் அன்றைக்குத்தான் அண்ணாவானேன். மே 5ல் தொடங்கிய எண்ணிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

குடிப்பவர்களைப் பார்த்து நான் முகம் சுளிப்பதில்லை. அந்தத் தகுதி எனக்கில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. கேட்பவர்கள் கேட்கட்டும். விருந்து வைப்பவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். குடிக்காதவனுக்கும் அதே மேஜையில், அதே கண்ணாடித் தம்ளரில் ஏதாவது வையுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். 'எனக்காக ஒன்று' என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். உங்களுக்கு அது உபசாரம். எதிரே நிற்பவனுக்கு அது மே 4.

பானஸ்வாடி மொட்டை மாடியில் அன்று தோளில் கை போட்ட நண்பனிடம் உண்மையைத்தான் சொன்னேன். "நான் குடிநோயாளிடா. நாலு கேள்வி இருக்கு. எனக்கு நாலுக்கும் ஆமான்னு வந்துச்சு." எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. "தூங்கிட்டியா?" என்றான். சுற்றி வளைத்து ஏதேதோ பேசினான். பிறகு, "அன்னைக்கு நாலு கேள்வின்னியே, அது என்ன?" என்றான். ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான்காவதைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமில்லை.

"நாளைக்கு ஆறு மணிக்கு ஏரிக்கு நடக்கப் போறோம், நானும் பொண்ணும். வர்றியா?" என்றேன்.

"வயிறு காலியா இருக்குமே" என்றான்.

"வாழைப்பழம் நான் கொண்டு வரேன்" என்றேன்.